ஆறாவது கடைசிக் குஸ்தி

3-1-94, திங்கள்

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். இன்று இடது கை மரத்தது இரண்டு தடவை. காலையில் பல் விளக்கும்போது ஒன்று, சாயங்காலம் பட்டாணி தின்னும்போது ஒன்று. இரண்டாவது தடவை பட்டாணி எல்லாம் தரையில்.

மரத்தது என் கை இல்லை. என் வீட்டுக்காரர் கன்னியப்பன் கை. அறுபத்து நாலு வயது. ஒரு காலத்தில் 'சூளை சிங்கம் கன்னியப்பன்' என்று போஸ்டரில் போடுவார்கள். கொட்டாய் குஸ்தி. கூடாரம் அடித்து, நடுவில் மேடை கட்டி, கயிறு இழுத்து, டிக்கெட் வைத்து நடத்துவது. பிறகு பதினான்கு வருஷம் ஒரு சினிமா கொட்டகையில் வாட்ச்மேன். இப்போது ஒன்றும் இல்லை.

கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்து நரம்பைப் பிடிக்கிறதாம். தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது, கழுத்தில் ஒரு அடி பட்டால் கை கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தினமும் எத்தனை தடவை மரக்கிறது என்று எழுதி வரச் சொன்னார்.

"எனக்கு எதுக்கு எழுத்து, டாக்டர்? நான் மறக்கறவ இல்ல" என்றேன்.

"எழுதுங்கம்மா" என்றார்.

ஐந்தாவது வரை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்தியது என் சித்தி. 1945 ஜூன். அவள் செத்துவிட்டாள். நான் போகவில்லை.

இந்த டைரி என் மகள் அமுதாவுக்குத் தையல் கம்பெனியில் கொடுத்தது.


5-1-94, புதன்

மூன்று தடவை. தண்ணி லாரி வரவில்லை.


8-1-94, சனி

ஒரு தடவை.

இன்று ஒரு ஆள் வந்தான். கண்ணாடி, செண்ட் வாசனை, கையில் பெட்டி. அந்தக் காலத்தில் குஸ்தி நடத்திய காண்டிராக்டர் நாதமுனியின் மகனாம். பெயர் குமரேசன். நாதமுனி முகம் அப்படியே இருக்கிறது. நாதமுனி 1961-ல் என் பிரசவத்து அன்று இவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, இப்ப கேபிள் டீவில வெள்ளைக்காரன் குஸ்தி பார்த்துப் பசங்கல்லாம் பைத்தியமா திரியறாங்க. அவனுங்க படம் போட்ட சீட்டுக்கட்டு வேற விக்குது. நம்ம ஊரு பழைய பயில்வானுங்கள ஒரு நாள் ஏத்தினா ஜனம் பிச்சுக்கும். பொருட்காட்சில போடறேன், பிப்ரவரி ஆறு. சூளை சிங்கத்துக்கும் டைகர் லாசருக்கும் கடைசி மோதல்" என்றான்.

லாசர் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு எரிந்தது.

"ஏம்பா, உங்க அப்பன் காலத்துலயே கடைசி மோதல் அஞ்சு தடவ ஆயிடுச்சு. இன்னும் எத்தினி கடைசி வெச்சிருக்க?"

"சும்மா பத்து நிமிஷம் பெரியம்மா. எல்லாம் பேசி வெச்சு செய்யறது தானே."

"எனக்கே சொல்லித் தரியா? எந்திரி மொதல்ல."

அவனை மூன்று மாடி இறக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தால் இவர் அவன் விட்டுப் போன விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாய்யா அது?"

"ஒண்ணுமில்ல. சிங்கம் படம் போட்டுகீறான்" என்றார்.


9-1-94, ஞாயிறு

இரண்டு தடவை.

அமுதாவின் மகள் பவானிக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு டீவியில் வெள்ளைக்காரன் குஸ்தி பார்த்துவிட்டு வந்து, "ஆயா, அவ்ளோ குண்டு ஆள இன்னொருத்தன் எப்படி ஆயா தலைக்கு மேல தூக்கறான்?" என்று கேட்டாள்.

சொன்னேன். தூக்குகிறவன் மட்டும் தூக்குவதில்லை. கீழே இருப்பவன் சரியான நேரத்தில் காலை உதைத்துத் துள்ளிக் கொடுக்க வேண்டும். அவன் துள்ளினால் பாதிக் கனம் போய்விடும். அவன் துள்ளாவிட்டால் எப்பேர்ப்பட்ட பயில்வானும் மூட்டை தூக்குகிற கூலிதான்.

"அப்ப தாத்தாவும் அப்படித்தானா?"

"உங்க தாத்தா எல்லாரையும் தூக்கினாரு. ஒருத்தனத் தவிர."

யார் என்று கேட்டாள். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1968 செப்டம்பர் 15, வேலூர் கோட்டை மைதானம். இவருக்கும் லாசருக்கும். முடிவு முன்னாலேயே பேசியது. லாசரைத் தலைக்கு மேல் தூக்கி, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே போட வேண்டும். ஜெயிப்பு இவருக்கு. என் அப்பா அன்று ஆற்காட்டிலிருந்து வந்திருந்தார். குஸ்திக்காரனோடு ஓடிப்போனவள் என்று பதின்மூன்று வருஷம் என் முகத்தைப் பார்க்காத மனுஷன். நான்தான் ஆள் மேல் ஆள் விட்டு வரவழைத்தேன். முதல் வரிசை. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நான் பக்கத்தில் அரக்குப் புடவை.

தூக்க வேண்டிய நேரத்தில் லாசர் இவர் காலை வாரினான். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான். பத்து எண்ணினார்கள். நாலாயிரம் பேர் சிரித்தார்கள்.

என் அப்பா எழுந்தார். "இவனுக்காகவா போன?" என்றார். போய்விட்டார். அடுத்த பிப்ரவரியில் செத்தார். வாயைத் திறந்து என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பேச்சை மீறின நாய் லாசர். இருபத்தைந்து வருஷமாக அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.


11-1-94, செவ்வாய்

நல்லெண்ணெய் பாட்டிலில் கால் பாகம் குறைந்திருக்கிறது. நான் ஊற்றவில்லை. அமுதா ஊற்றவில்லை.


12-1-94, புதன்

விடியற்காலை எழுந்தால் பாயில் ஆள் இல்லை. மொட்டை மாடிக்குப் போனேன். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே இவர் தண்டால் எடுக்கிறார். மேலெல்லாம் எண்ணெய். ஆறு எடுத்தார். ஏழாவதற்கு இடது கை மடிந்து முகம் தரையில் மோதியது.

நான் ஓடித் தூக்கவில்லை. நின்று பார்த்தேன்.

"எத்தினி நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நாலு நாளா" என்றார், தரையில் முகத்தை வைத்துக்கொண்டே.

"டாக்டர் சொன்னது காதுல வுழுந்துதா இல்லியா?"

"வுழுந்துச்சு."

"அப்ப?"

எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாக்கியம், கீழ இருந்தா நான் கிழவன். பால் வாங்கினு வா, கியூல நில்லு, மாத்திர போடு. இங்க வந்து ரெண்டு எடுத்தா..." என்றார். மீதியைச் சொல்லவில்லை.

கை மரத்தது எத்தனை தடவை என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பொய். எண் போடாமல் விடுகிறேன்.

இவருடைய கடைசிக் குஸ்திகள்: 1969 தீபத்தன்று திருவண்ணாமலை. 1971 காஞ்சிபுரம். 1974 சித்திரை, திண்டிவனம். 1976 சிதம்பரம், மழையில் கூடாரம் விழுந்த அன்று. 1979 மறுபடி காஞ்சிபுரம். ஒவ்வொன்றிலும் மேடை மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்புக் கச்சையை அவிழ்த்து நடு மேடையில் வைத்துவிட்டு வந்தார். வைத்துவிட்டால் பிறகு கட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் கழித்துப் புதுக் கச்சை தைத்துக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். கேட்டார், தைத்தேன்.


14-1-94, வெள்ளி

பொங்கல். பால் பொங்கியது. இரண்டு தடவை.


16-1-94, ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால் லாசர். பின்னால் குமரேசன். லாசருக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. வயிறு மட்டும் அப்படியே. கையில் வாழைப்பழச் சீப்பு. இடது காலில் துணி சுற்றி ரப்பர் செருப்பு.

"நல்லா கீறீங்களா அண்ணி?"

நான் நாற்காலியைக் காட்டவில்லை. மூன்று மாடி ஏறிய ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றான்.

இவர் உள்ளேயிருந்து வந்து, "கால்ல இன்னாடா?" என்றார்.

"சக்கரை அண்ணாத்தே. ரெண்டு வெரல எட்த்துட்டாங்க. கட்ட வெரலும் பக்கத்து வெரலும். நட்ந்தா ஒரு பக்கமா இழுக்குது."

ஆண்டவன் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

குமரேசன்தான் ஆரம்பித்தான். லாசர் தோற்கிறானாம். இந்தத் தடவை சத்தியமாகத் தோற்கிறானாம்.

"எப்படித் தோப்ப?" என்று நான் கேட்டேன். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

லாசர் கையை ஆட்டிக் காட்டினான். "அண்ணாத்த இப்படி நெஞ்சுல ஒரு தட்டு தட்டினாப் போதும் அண்ணி. அப்படியே மல்லாந்துடறேன். பத்து எண்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அவருக்குக் கஷ்டமே கெடயாது. எனக்கும் கெடயாது."

"தட்டினா வுழற ஆளையா வேலூர்ல நாலாயிரம் பேரு பாக்க வந்தாங்க?"

லாசர் கையை இறக்கிக்கொண்டான்.

"அன்னிக்கு இன்னா பேசினீங்க? தலைக்கு மேல தூக்கி ஒரு சுத்து சுத்திப் போடறதுன்னு தானே? அதச் செய். செய்யறதா இருந்தா மேடை ஏறுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் அவங்கவங்க ஊட்ல மாத்திர துன்னுகினு படுங்க."

லாசர் இவரைப் பார்த்தான். இவர் லாசரைப் பார்த்தார். ரொம்ப நேரம். எனக்கு அப்போதே தெரிந்தது, குற்றமுள்ள நெஞ்சு பார்க்கிற பார்வை அது.

"அண்ணாத்த, சொல்லட்டா?" என்றான் லாசர்.

"வேணாண்டா" என்றார் இவர். என் பக்கம் திரும்பி, "தூக்கறேன்" என்றார்.

"அண்ணி, எனக்குக் கால் இப்ப..." என்று லாசர் இழுத்தான்.

"தூக்கறேன்னு சொல்லிட்டேன் இல்ல" என்றார்.

வாழைப்பழத்தை அவர்கள் போன பிறகு கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

கை: நான்கு தடவை.


17-1-94, திங்கள்

நான் சரி என்று சொல்லவில்லை. நடந்தால் எப்படி நடக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அமுதாவிடமும் இதையே சொன்னேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.


22-1-94, சனி

மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் நின்ற பெண், "உங்க ஊட்டுக்காரரு போஸ்டர்ல கீறாரே" என்றாள். திரும்பி வரும்போது பால் பூத் சுவரில் பார்த்தேன். இவர் முகம் 1965-ல் எடுத்தது. லாசர் முகமும் பழையது. நடுவில் மின்னல். கீழே 'இறுதி மோதல், இனி இல்லை'.

அப்பாவைப் பற்றி நினைத்தேன்.

கை: மூன்று.


25-1-94, செவ்வாய்

அமுதா இன்று வாயைத் திறந்தாள்.

"யம்மா, நைனா கை நடுங்குது. டம்ளர் புடிக்க முடியல. நீ டைரி எழுதிகினே அவர மேடைக்கு அனுப்பற. எதுக்கு எழுதற நீ?"

"அவரு தான் போறாரு. நானா புடிச்சுத் தள்றேன்?"

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நிப்பாரு."

"நான் சொல்லி எப்ப நின்னாரு? அஞ்சு தடவ கடைசின்னாரு, நின்னாரா?"

"அஞ்சு தடவையும் கச்சை தைச்சுக் குடுத்தது யாரு?"

மகளாயிற்றே, அவளுக்கும் ஞாபகம் அதிகம்.

ஆறாவது கச்சை தைத்து முடித்துவிட்டேன். சிவப்பு. இடுப்பு நாற்பத்து நாலு அங்குலம். முதல் கச்சை முப்பத்து நாலு.


1-2-94, செவ்வாய்

மொட்டை மாடியில் இரண்டு பேரும் பழகுகிறார்கள். பிடி, உருளல், விழுதல். துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். தூக்குகிற இடம் வந்ததும் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்கிறார்கள். "இது அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்கிறார் இவர். லாசர் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்கிறான். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

இவர் இப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகிறது.

கை: ஐந்து.


6-2-94, ஞாயிறு

காலை. இரண்டு இட்லி, முட்டை, பால். நேற்றே முடி வெட்டியாயிற்று. நாலு மணிக்கு ஆரம்பம். அரக்குப் புடவை பெட்டியில் பூச்சி அரித்திருந்தது, முந்தானை மட்டும். மடித்து உள்ளே விட்டுக் கட்டினேன். எனக்கும் பவானிக்கும் முதல் வரிசை. அமுதா வரவில்லை.


10-2-94, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாவது நாள். கண் விழிக்கிறார், பேசுகிறார். மற்றது ஒன்றும் இல்லை.

அன்று நடந்தது.

கூட்டம் பரவாயில்லை. பாதிக்கு மேல் பிள்ளைகள். லாசர் புலித்தோல் போல வரி போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு வந்து உறுமினான். இவர் சிவப்புக் கச்சையில் ஏறினார். மார்பு தொங்கியிருந்தது. பின்வரிசையில் ஒரு வாலிபன், "டேய், தாத்தாவுக்குப் பால் குடுத்து வெக்கணும்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். இடது புருவத்தில் வெட்டுக் காயம்.

முதல் ஐந்து நிமிஷம் நன்றாகப் போனது. லாசர் இவர் கண்ணில் மண் தூவுகிற மாதிரி செய்தான், ரெப்ரீ பார்க்காதபோது கடித்தான், பிள்ளைகளெல்லாம் 'சீட்டிங், சீட்டிங்' என்று கத்தின. இவர் அடி வாங்கிக் கயிற்றில் சாய்ந்து எழுந்தபோது ஒரு பழைய நடை நடந்தார். தோளை ஆட்டிக்கொண்டு வருகிற நடை. பவானி வாயைப் பிளந்து பார்த்தாள். நான் இருபது வயதில் பார்த்தது அந்த நடையைத்தான்.

பிறகு இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நேரம். லாசர் இவர் காதில் ஏதோ சொன்னான். நெஞ்சைக் காட்டினான், தட்டு என்கிற மாதிரி. இவர் தட்டியிருக்கலாம். கூட்டத்தில் 'தூக்கு, தூக்கு' என்று கத்த ஆரம்பித்தார்கள். யார் முதலில் கத்தினது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இவர் குனிந்தார். லாசரின் தொடைக்கு நடுவில் ஒரு கை, தோளில் ஒரு கை. லாசர் துள்ளினான். துள்ளப் பார்த்தான். இடது கால் தரையைப் பிடிக்காமல் வழுக்கியது. முழுக் கனமும் இவர் மேல் வந்தது. ஆனாலும் தூக்கினார். தோள் வரை தூக்கினார், அங்கிருந்து மேலே தூக்கினார், கை இரண்டும் நிமிர்ந்தது. லாசர் தலைக்கு மேல் படுத்திருந்தான். ஜனம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன்.

ஒரு சுற்றில் பாதி சுற்றினார்.

இடது கை மடிந்தது. லாசர் இவர் கழுத்தின் மேல் வந்து விழுந்தான்.

பிள்ளைகள் கைதட்டின. அதுவும் பேசி வைத்ததென்று நினைத்துவிட்டார்கள். ரெப்ரீயும் குனிந்து எண்ண ஆரம்பித்தான். லாசர்தான் எழுந்து, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தினான். அதற்கும் கைதட்டினார்கள்.


14-2-94, திங்கள்

பவானி அமுதாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஆயாதாம்மா மொதல்ல தூக்குன்னு கத்துச்சு. சேர் மேல ஏறி நின்னு கத்துச்சு."

சின்னப் பிள்ளைகளுக்கு எதுவும் சரியாக ஞாபகம் நிற்காது.


16-2-94, புதன்

டைரியை ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். இனி எழுத வேண்டியதில்லை என்றார். சரிதான். மரத்தது எத்தனை தடவை என்றால் இனி ஒரே தடவைதான்.

கால் இரண்டும் வராது. இடது கை வராது. வலது கையில் மூன்று விரல் அசைகிறது.


20-2-94, ஞாயிறு

லாசர் பழத்தோடு வந்தான். வார்டுக்குள் விடவில்லை. வராந்தாவில் என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, அடிங்க என்ன."

நான் அடிக்கவில்லை.

"தூக்க வேணாம்னு காதுல சொன்னேன் அண்ணி. எனக்குக் கால் நிக்கலண்ணாத்த, தட்டிடு, வுழுறேன்னேன். பாக்கியம் பாக்குறாடான்னாரு."

"வேலூர்ல பேச்ச மீறின மாதிரி இங்கயும் மீற வேண்டியது தானே? காலை வாரி வுட வேண்டியது தானே?" என்றேன்.

"வேலூர்ல நான் மீறல அண்ணி. அன்னிக்குக் காலைல பழகும்போதே அவருக்குக் கழுத்து புடிச்சுகிச்சு. சாய்ந்தரம் மேடைல கட்டிப் புடிச்சுகினு இருக்கும்போது என் முழங்கைய ரெண்டு தபா அமுக்கினாரு. ஒரு தபா அமுக்கினா அடுத்த புடிக்குப் போன்னு அர்த்தம். ரெண்டு தபா அமுக்கினா என்னால முடியல, நீ முடிச்சிடுன்னு. குஸ்தில அத மீறவே கூடாது அண்ணி. முடிச்சேன். எறங்கினதும், என் மாமனாரு வந்துகீறாரு, பாக்கியத்து கிட்ட சொல்லிடாத லாசருன்னு கையப் புடிச்சுகினாரு. சரின்னேன்."

"இருபத்தஞ்சு வருஷமா?"

"இருபத்தஞ்சு வருஷமா."

பக்கத்தில் யாருக்கோ கஞ்சி கொண்டுவந்தார்கள். வழி விட்டோம்.

"இந்தத் தபா பொருட்காட்சில அமுக்கினாரா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. நான்தான் அமுக்கினேன். ரெண்டு தபா இல்ல, பத்து தபா. அவரு வுடல. அது மட்டும்தான் எனக்குப் புரியல. குஸ்திக்காரன் அத மீறமாட்டானே."

எனக்குப் புரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். லாசரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எதற்காக என்றுதான் இப்போது தெரியவில்லை.

உள்ளே போய் இவரிடம், "வேலூர்ல ரெண்டு தபா அமுக்கினியா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற மாதிரி. இவர் தூங்கினால் குறட்டை வரும்.


21-2-94, திங்கள்

ஜனவரி 16-ஐத் திருப்பிப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தாலும் எனக்கு மறக்காது.


12-3-94, சனி

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் மூன்று மாடி தூக்கினார்கள். தூக்குகிறவர்களைப் பார்த்து, "முட்டிய மடக்கித் தூக்குங்கடா, முதுகு போயிடும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.


22-3-94, செவ்வாய்

பத்து நாள் ஆயிற்று, பேச்சு இல்லை. சுவர்ப் பக்கம் முகத்தை வைக்கக் கண்ணால் காட்டுகிறார். கஞ்சி இரண்டு கரண்டி. முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். நான் தோள், அமுதா இடுப்பு. கனம் குறையவே இல்லை. துள்ளிக் கொடுக்க ஆள் இல்லாத கனம்.


29-3-94, செவ்வாய்

புண் பெரிதாகிறது. கஞ்சிக்கு வாயைத் திறப்பதில்லை. அமுதா அழுதாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போய்விட்டேன்.


2-4-94, சனி

குமரேசன் வந்தான். செருப்பைக் கழற்றி எறிவதற்காகக் கையில் எடுத்தேன். அவன் வாசலிலேயே நின்று, "பெரியம்மா, ஒரு நிமிஷம். பெரியவரு கிட்ட பேசிட்டுப் போயிடறேன்" என்றான்.

"எதுக்கு?"

"அன்னிக்கு நடந்தது பேப்பர்ல வந்துடுச்சு. ஜனம் கேக்குது. பெரியவர சக்கர நாற்காலில மேடைக்கு ஏத்தி..."

செருப்பு அவன் தோளில் பட்டது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு, குமரேசனா? உள்ள வா."

இருபது நாளாகக் கேட்காத குரல். அமுதா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவன் உள்ளே போனான். என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். அரை மணி நேரம். ஒரு தடவை சிரிப்புச் சத்தம்.

அவன் போனதும் உள்ளே போனேன். முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

"பாக்கியம், சோறு கீதா?"

ரசம் சோறு. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார்.


5-4-94, செவ்வாய்

மூன்று நாளாகச் சாப்பிடுகிறார். வலது கை மூன்று விரலால் ரப்பர் பந்தை அமுக்கிப் பழகுகிறார்.

அமுதா கேட்டாள், "யம்மா, இப்பவாச்சும் வேணாம்னு சொல்லுவியா?"

தட்டைக் காட்டினேன். காலியாக இருந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.


17-4-94, ஞாயிறு

வண்டி மூன்று மணிக்கு வரும். தூக்குகிறதற்கு ஆள் நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, மேலே சட்டை போட்டாயிற்று. மீசைக்கு மை போட்டேன். கண்ணாடி காட்டச் சொன்னார். காட்டினேன். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் என்றார்.

"மேடைல இன்னா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. லாசர் வந்து உறுமுவான். நாற்காலியச் சுத்திச் சுத்தி வருவான். நான் வெரல நீட்டி அவன் நெஞ்சத் தொட்டா வுழுந்துடுவான். பத்து எண்ணுவாங்க."

"ஜெயிப்பு?"

"எனக்குத்தான்" என்றார்.

வழிந்த மையைத் துடைத்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவினேன். கழுவிக்கொண்டே, "இதாவது கடைசி தானேய்யா?" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போஸ்டர்ல அப்படித்தான் போட்டுகீறாங்க" என்றார்.